சிங்கப்பூர் வேலை: கடிதத்தில் 700 வெள்ளி, ஏஜெண்ட் வாயில் 1,100 வெள்ளி. எதை நம்புவது?

மிளகுக்கொடி (ஏற்காடு) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். என் தம்பிக்கு வயது 27. ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பை முடித்துவிட்டு, சேலத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறான். மாதம் 17,000 ரூபாய் சம்பளம்; அதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. சென்ற ஆண்டு பயிற்சி மையத்தில் சேர்ந்து சிங்கப்பூர் கட்டுமான வேலைக்கு வேண்டிய ஸ்கில் டெஸ்ட் அடித்துத் தேறிவிட்டான். இப்போது சிங்கப்பூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் இரண்டு ஆண்டுக்கு வொர்க் பர்மிட் கிடைத்திருப்பதாகச் சொல்லி, ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் ஐ.பி.ஏ. என்ற ஒப்புதல் கடிதத்தை அனுப்பியிருக்கிறார்.

என் சந்தேகம் அந்தக் கடிதத்திலிருந்தே தொடங்குகிறது. மாதம் 1,100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று ஏஜெண்ட் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார். கடிதத்தின் தமிழ்ப் பக்கத்திலோ அடிப்படை மாதச் சம்பளம் 700 வெள்ளி, நிலையான மாதப் படி 200 வெள்ளி, ஆக மொத்தம் 900 என்றுதான் இருக்கிறது. கேட்டதற்கு, "அது கவர்மெண்டுக்குக் காட்டுற கணக்கும்மா, கைக்கு வர்றது ஆயிரத்து நூறு" என்றார். தோட்டத்தில் பத்து ஆண்டுகளாகச் செக்ரோல் (வேலை நாள், கூலிப் பதிவேடு) எழுதுகிறவள் நான். அரசாங்கத்துக்கு ஒரு கணக்கும் ஆளுக்கு ஒரு கணக்கும் இருந்தால் எந்தக் கணக்கில் குறையும் என்று எனக்குத் தெரியும்.

ஏஜெண்ட் கேட்கும் தொகை 3,50,000 ரூபாய். இதுவரை பயிற்சிக் கட்டணம் என்ற பெயரில் 40,000 ரூபாய்க்கு மட்டுமே ரசீது தந்திருக்கிறார். மீதியை ரொக்கமாகக் கொடுக்க வேண்டுமாம். அம்மாவின் நகையையும் என்னுடைய இரண்டு வளையல்களையும் அடகு வைத்தால்தான் அது புரளும்.

அங்கே போய் வேலை செய்தவர்களும் சட்டம் அறிந்தவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தொழிலாளிக்கு அந்த நாட்டுச் சட்டம் உள்ளூர்க்காரருக்குத் தரும் பாதுகாப்பைத் தருகிறதா? இங்கே பி.எஃப். பிடிப்பது போல அங்கேயும் ஏதாவது சேருமா? உடம்புக்கு வந்தால், அல்லது வேலையில் அடிபட்டால், செலவு யாருடையது? அம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பதால் நான் மாதம் ஒருமுறை இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அழைத்துப்போய் மாத்திரை வாங்கி வருகிறேன். அவன் போய்விட்டால் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான் என்பதால், எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

லேத்துப் பட்டறை (சூரமங்கலம்) எழுதுகிறார்:

சகோதரிக்கு வணக்கம். நான் 2008 முதல் 2019 வரை, பதினோரு ஆண்டுகள், சிங்கப்பூரில் கம்பி கட்டும் வேலையில் தொடங்கி மேற்பார்வையாளராக முடித்தவன். இப்போது ஊரில் சொந்தமாக லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன்.

முதலில் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகிறது. ஏஜெண்ட் சொன்னது தலைகீழ். ஐ.பி.ஏ. என்பது சிங்கப்பூர் மனிதவள அமைச்சு கொடுக்கும் ஒப்புதல் கடிதம். முதலாளி அமைச்சிடம் அறிவித்த சம்பளம் அதில் இருக்கும். ஆள் விமானம் ஏறுவதற்கு முன்பே, அவருக்குத் தெரிந்த மொழியில், அதை அவர் கையில் சேர்க்க வேண்டும் என்பது விதி. நாளைக்குச் சம்பளத் தகராறு வந்தால் அமைச்சு எடுத்துப் பார்ப்பது அந்தக் கடிதத்தையே தவிர, உங்கள் திண்ணையில் நடந்த பேச்சை அல்ல. அதில் எழுதியிருப்பதைவிடக் குறைத்துக் கொடுக்க வேண்டுமானால் தொழிலாளி எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆகவே உங்கள் தம்பியின் உறுதியான சம்பளம் 900 வெள்ளிதான்.

அப்படியானால் 1,100 எங்கிருந்து வந்தது? ஓ.டி.யையும், அதாவது கூடுதல் நேர வேலைக்கான கூலியையும், சேர்த்துச் சொல்லியிருக்கிறார். கணக்கு எழுதுகிறவர் என்பதால் கணக்காகவே தருகிறேன். அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52-ஐயும் 44-ஐயும் பெருக்க வரும் 2,288-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி கிடைக்கும். 52 என்பது ஆண்டின் வாரங்கள். 44 என்பது சட்டம் அனுமதிக்கும் வார வேலை நேரம். 700 வெள்ளிக்கு இது 3.67 வெள்ளி. ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு என்பதால் 5.51. ஏஜெண்டின் 1,100 கைக்கு வர வேண்டுமானால் மாதத்தில் 36 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. பார்த்தாக வேண்டும். கிடைக்காத வேலையில்லை அது, பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் மழைக்காலத்திலும், ஒரு தளம் முடிந்து அடுத்த தளம் தொடங்கும் இடைவெளியிலும் கிடைக்காது. சட்டப்படி மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. வாங்கவும் கூடாது.

இதில் இன்னொரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். ஓ.டி. கணக்கு அடிப்படைச் சம்பளத்தின் மேல் மட்டும்தான். படியின் மேல் கிடையாது. அதனால்தான் பல முதலாளிகள் அடிப்படையைக் குறைத்துப் படியைக் கூட்டி எழுதுகிறார்கள். அதே 900-ஐ முழுவதும் அடிப்படையாகக் காட்டியிருந்தால் ஓ.டி. மணிக்கு 7.08 வெள்ளி ஆகியிருக்கும். மாதம் 70 மணி நேரம் பார்க்கிறவனுக்கு இந்த ஒரு வரி மாற்றத்தில் 110 வெள்ளி போகிறது. சட்டமீறல் இல்லை, ஆனால் தெரிந்துகொண்டு போவது நல்லது.

உங்கள் அடுத்த கேள்விக்கு: ஆம், அங்குள்ள வேலை நியமனச் சட்டம் உள்ளூர்க்காரர், வெளிநாட்டவர் என்று பிரிப்பதில்லை. வீட்டுப் பணிப்பெண்களும் கப்பலில் வேலை செய்வோரும் அதற்குள் வரமாட்டார்கள். உங்கள் தம்பி வருவார். வாரம் ஒரு நாள் ஓய்வு, ஆண்டில் 11 பொது விடுமுறைகள் சம்பளத்துடன், முதல் ஆண்டில் 7 நாள் விடுப்பு, பிறகு ஆண்டுக்கு ஒரு நாள் கூடி 14 வரை. ஓய்வு நாளில் முதலாளி கேட்டு முழு நாளும் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளமும், 14 நாட்களுக்குள் ஓ.டி. பணமும் வந்தாக வேண்டும். 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டும் கட்டாயம். நான் போன புதிதில் அது இல்லை. ஒரு வெள்ளை உறையில் பணத்தை வைத்து, மேலே பென்சிலால் தொகையை எழுதிக் கொடுப்பார்கள்.

பிடித்தம் விஷயத்தில் இதை மட்டும் தம்பியிடம் சொல்லிவையுங்கள்: முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி, ஆளுக்கு 5,000 வெள்ளி வைக்கும் பிணைத்தொகை, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் ஆகிய மூன்றையும் தொழிலாளியிடம் வசூலிக்கவே கூடாது. "உன்னை எடுத்ததற்கு லெவி கட்டுகிறேன், மாதம் நூறு வெள்ளி கொடு" என்று கேட்டால் அது குற்றம். பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைக்கிறோம்" என்று வாங்கி வைத்துக்கொள்வதும் அப்படியே.

கொண்டலாம்பட்டிக்காரன் எழுதுகிறார்:

மேலே எழுதியவர் சொல்வது அத்தனையும் உண்மை, தாளில் உண்மை. நானும் போனேன். எட்டாவது மாதத்தில் திரும்பி வந்தேன். ஓ.டி. கணக்கில் மணி நேரம் குறைகிறது என்று இரண்டு முறை கேட்டேன், மூன்றாவது முறை கேட்பதற்குள் பர்மிட்டை ரத்து செய்து டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அது இப்போது இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது. ஊரில் 2,80,000 ரூபாய் கடன், நூற்றுக்கு இரண்டு வட்டி. சட்டம் பேசினால் அடுத்த விமானம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள் ஐயா. அந்தப் பெண் நகையை அடகு வைக்கப் போகிறார்.

லேத்துப் பட்டறை எழுதுகிறார்:

கொண்டலாம்பட்டி நண்பர் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். வேலையிலிருந்து நிறுத்துவதற்கான முன்னறிவிப்புப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதாவிட்டால், 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்குச் சட்டம் தரும் முன்னறிவிப்பு ஒரே ஒரு நாள்; அதற்கு மேல் இரண்டு ஆண்டு வரை ஒரு வாரம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் உரிமை அங்கே பலவீனமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் செய்த வேலைக்கான பணத்தின் மேல் உள்ள உரிமை அப்படியல்ல. டாடெம் என்று சொல்லப்படும் தகராறுத் தீர்வு அமைப்பில், வேலையில் இருக்கும்போது ஓர் ஆண்டுக்குள்ளும், வேலை போய்விட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும் சம்பள முறையீடு கொடுக்கலாம். முறையீடு நடக்கும்போது தங்கியிருக்கச் சிறப்பு அனுமதி கேட்கவும் வழி உண்டு. நண்பர் டிக்கெட்டைக் கையில் வாங்கிய அன்று இது அவருக்குத் தெரிந்திருந்தால், விமான நிலையத்திலேயே குடிநுழைவு அதிகாரியிடம் "எனக்குச் சம்பள பாக்கி இருக்கிறது" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வாயை அடைத்தது முதலாளி மட்டும் அல்ல, ஊரில் ஏறிக்கொண்டிருந்த வட்டியும்தான் என்று நினைக்கிறேன். மூன்று லட்சம் கடன் உள்ளவன் "சரி சார்" என்று சொல்லக் கற்றுக்கொள்வான். ஐம்பதாயிரம் கடன் உள்ளவன் மூன்றாவது முறையும் கேட்பான். நான் பார்த்த அளவில் ஒருவன் அங்கே தன் உரிமையை எவ்வளவு பயன்படுத்துகிறான் என்பது அவன் எவ்வளவு கடனோடு வந்தான் என்பதைப் பொறுத்துத்தான் இருந்தது.

அதனால்தான், சகோதரி, அந்த 3,50,000-ஐப் பற்றித்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். சிங்கப்பூரில் லைசென்ஸ் பெற்ற ஏஜென்சி ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணம், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். எத்தனை ஆண்டு என்றாலும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் தம்பிக்கு அது 1,800 வெள்ளி. ஒரு வெள்ளியை 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,17,000 ரூபாய். ஆறு மாதத்துக்குள் முதலாளியே வேலையை முடித்துவிட்டால் அதில் பாதியையாவது ஏஜென்சி திருப்பித் தர வேண்டும். இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான். இரண்டையும் கூட்டினாலும் ஒன்றரை லட்சத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுக்கும் மீதிப் பணத்தை எந்தச் சட்டத்தாலும் உங்களுக்கு மீட்டுத் தர முடியாது, ஏனென்றால் அது கொடுக்கப்பட்டதாகவே எங்கும் பதிவாகாது. முகவர் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள்.

அடிபட்டால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு என் இடது மோதிர விரலே சாட்சி. 2016-இல் ஒரு மதியம், கம்பி வளைக்கும் இயந்திரத்தில் கையுறை சிக்கி, நகத்துக்கு மேல் கால் அங்குலம் போனது. ஃபோர்மேன் என்னை லாரியின் முன்னிருக்கையில் உட்காரவைத்து, விரலைத் துண்டால் கட்டி, வழி முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "டாக்டர் கேட்டா ரூம்ல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு." எனக்கு வலியில் யோசிக்கத் தெம்பில்லை. ஆனால் அங்கிருந்த தாதி தமிழ்ப் பெண். "என்ன நடந்தது அண்ணே" என்று தமிழில் கேட்டதும், கதவு என்ற பொய் வாயில் வரவில்லை. "வேலையில், இரண்டே கால் மணிக்கு, கம்பி மிஷினில்" என்றேன். அந்தப் பெண் அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினார். அந்த ஒரு வரியால்தான் எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்தது.

ஏனென்றால் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி யார் தவறு என்பது கேள்வியே அல்ல. வேலையால் ஏற்பட்ட காயமா என்பது மட்டுமே கேள்வி. வேலையால் என்று பதிவானால் சிகிச்சைச் செலவு முதலாளியின் காப்பீட்டிலிருந்து, சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு வரையில் வரும். மருத்துவர் தரும் விடுப்பில் முதல் 14 நாட்களுக்கு முழுச் சம்பளம் (மருத்துவமனையில் சேர்த்திருந்தால் 60 நாட்களுக்கு), அதற்கு மேல் விபத்து நடந்த ஓர் ஆண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. எனக்கு 20 நாள் விடுப்பு. ஆக 14 நாள் முழுதாக, 6 நாள் குறைவாக. விரல் ஆறியபின் நிரந்தர ஊனம் எத்தனை விழுக்காடு என்று மருத்துவர் மதிப்பிட்டார். சில மாதங்கள் கழித்து அதற்கான தொகையும் வந்தது. கோரிக்கையை ஓர் ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு. உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் முதலாளியுடையது. அக்காவிடம் இதைச் சொல்லச் சங்கடமாக இருந்தாலும், தெரிந்திருக்க வேண்டும்.

வேலைக்குத் தொடர்பில்லாத காய்ச்சல், குடல்வால், மாரடைப்பு போன்றவற்றுக்கு முதலாளி எடுத்துத் தர வேண்டிய மருத்துவக் காப்பீடு தனி. 2023 ஜூலைக்கு முன் அதன் குறைந்தபட்ச அளவு ஆண்டுக்கு 15,000 வெள்ளி, இப்போது 60,000. சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு மூன்று மாதம் வேலை செய்தபின் கொஞ்சமாகத் தொடங்கி, ஆறு மாதத்தில் 14 நாட்கள் என்ற முழு அளவை அடையும். மருத்துவமனையில் சேர நேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாட்கள். இறங்கிய இரண்டு வாரத்துக்குள் ஒரு மருத்துவப் பரிசோதனை உண்டு, அதில் தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே காசநோய்க்கான எக்ஸ்ரேயை இங்கேயே நல்ல இடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

பி.எஃப். கணக்கர் (அம்மாபேட்டை) எழுதுகிறார்:

சகோதரியின் கேள்வியில் பி.எஃப். பற்றிய பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். சேலத்துச் சிறு பட்டறைகளுக்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குப் பார்ப்பதே என் தொழில்.

சிங்கப்பூரில் நம் பி.எஃப். போல மத்திய சேமநிதி என்று ஒன்று உண்டு. ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வொர்க் பர்மிட்டில் போகிறவருக்குப் பத்து ஆண்டு வேலை செய்தாலும் ஒரு வெள்ளி சேராது. துபாயில் வேலை முடிந்து வரும்போது தரும் கிராஜுவிட்டி போன்றதும் அங்கே சட்டப்படி கட்டாயமில்லை. ஜெர்மனி, ஜப்பான் போன்ற நாடுகளோடு இந்தியா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்திருக்கிறது. அங்கே கட்டிய காலத்தையும் இங்கே கட்டிய காலத்தையும் ஓய்வூதியத் தகுதிக்குச் சேர்த்துப் பார்க்க அவை வழிசெய்கின்றன. சிங்கப்பூரோடு அப்படி ஒன்றும் இல்லை. வேலை போனால் உதவித்தொகையும் கிடையாது. அதாவது காயத்துக்கும் நோய்க்கும் பாதுகாப்பு உண்டு. முதுமைக்கும் வேலையின்மைக்கும் இல்லை. கைக்கு வரும் சம்பளத்திலிருந்துதான் அந்த இரண்டையும் தம்பியே கட்டிக்கொள்ள வேண்டும்.

இதனால்தான் நான் ஒன்றை வற்புறுத்துகிறேன்: பட்டறையை விட்ட பிறகு பி.எஃப். பணத்தை முழுவதும் எடுத்து ஏஜெண்டிடம் கொடுத்துவிடாதீர்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். தம்பி ஆறு ஆண்டுகள் பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் இருந்திருக்கிறார். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த ஆறு ஆண்டுகள் அழிந்துபோகும். திரும்பி வந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். மாறாகத் திட்டச் சான்றிதழ் (இதுவரையான பணிக்காலத்துக்குப் பி.எஃப். அலுவலகம் தரும் சான்று) வாங்கி வைத்துக்கொண்டால் ஆறு ஆண்டுகளும் அப்படியே நிற்கும். பிறகு எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் மீதி நான்கு ஆண்டுகளை நிரப்பினால் போதும்.

இனி, யாரும் கவனிக்காத ஒரு வரியைச் சொல்ல வேண்டும். அம்மாவை மாதாமாதம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அழைத்துப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமை அம்மாவுடையது அல்ல, தம்பியுடையது. அவருடைய சம்பளத்தில் பிடிக்கும் பணத்தால்தான் அவரைச் சார்ந்த தாய் என்ற முறையில் அம்மாவுக்கு மருந்து கிடைக்கிறது. அவர் வேலையை விட்ட அன்றே அது நின்றுவிடாது, கட்டிய காலத்துக்கு உரிய பயன்பெறும் காலம் முடியும் வரை ஓடும், அதன்பின் நின்றுவிடும். தம்பி போகும் நாட்டில் என்ன கிடைக்கும் என்று ஆராயும்போதே, அவர் விட்டுப் போகும் நாட்டில் வீட்டுக்கு என்ன இல்லாமல் போகும் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் தோட்ட அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்; உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும், வளைவு இறங்கும் வேலையும் மிச்சம். பெரிய சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு இருக்கிறது, ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்கள் சம்பளத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

கடைசியாக, வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு நடுவண் அரசு வைத்திருக்கும் 10 லட்சம் ரூபாய் பிரவாசி காப்பீட்டைப் பற்றி யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம். அது குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கானது. மலேசியா அதில் உண்டு, சிங்கப்பூர் இல்லை. தம்பி புறப்படும் முன் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலவாரியத்தில் உறுப்பினராகப் பதிந்துகொள்ளட்டும். இங்கே தனியாக ஒரு டெர்ம் பாலிசியும் (ஆயுள் காப்பீடு) எடுத்து, உங்கள் அம்மாவை நாமினியாகப் போடட்டும்.

மிளகுக்கொடி எழுதுகிறார்:

அண்ணனுக்கும், அம்மாபேட்டை ஐயாவுக்கும், கொண்டலாம்பட்டி நண்பருக்கும் நன்றி. இ.எஸ்.ஐ. வரியைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செக்ரோல் எழுதுகிறவளுக்கே அது தோன்றவில்லை. எங்கள் தோட்ட அலுவலகத்தில் எனக்கு இ.எஸ்.ஐ. இல்லை. அம்மாவின் பெயரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட்டேன்; சுகாதாரத் தன்னார்வலர் இந்த வாரமே வந்து இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனார்.

ஏஜெண்ட் விஷயம் இப்படி முடிந்தது. ஐ.பி.ஏ. எண்ணை வைத்து அமைச்சின் தளத்தில் பார்த்தோம். கடிதம் உண்மையானது, வேலையும் உண்மையானது. ஏஜெண்டின் பெயர் இ-மைக்ரேட் பட்டியலில் இல்லை. சிங்கப்பூர் ஏஜென்சியின் லைசென்ஸ் எண்ணைக் கேட்டதற்கு இரண்டு நாள் தொலைபேசியை எடுக்கவில்லை, மூன்றாம் நாள் அனுப்பினார். அந்த ஏஜென்சி அமைச்சின் பட்டியலில் இருக்கிறது. தம்பி அவர்களோடு நேரடியாகப் பேசினான். 1,800 வெள்ளியை வங்கி வழியாகக் கட்டினால் ரசீது தருவதாக எழுத்தில் சொல்லிவிட்டார்கள். இங்குள்ளவர் தன் அலைச்சலுக்கு என்று முதலில் 2,20,000 கேட்டார். ரசீது கொடுங்கள் என்றதும் 60,000-க்கு இறங்கினார், அதற்கும் ரசீது தர மறுக்கிறார். அவர் முகத்தை முறித்துக்கொண்டால் கடைசி நேரத்தில் ஏதாவது தடை செய்வாரோ என்று அம்மா பயப்படுகிறார். தம்பி இன்னும் பட்டறையில் ராஜினாமா கொடுக்கவில்லை.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அந்த நிறுவனம் சரியில்லை என்றால், இரண்டு ஆண்டு முடிந்ததும் வேறு நிறுவனத்துக்கு மாற முடியுமா, அல்லது மறுபடி ஊருக்கு வந்து முதலிலிருந்து பணம் கட்ட வேண்டுமா?

லேத்துப் பட்டறை எழுதுகிறார்:

மாற முடியும். கட்டுமானத் துறையில் பர்மிட் முடிவதற்கு 40 நாட்கள் முதல் 21 நாட்கள் வரை உள்ள இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே புதிய முதலாளி விண்ணப்பிக்கலாம். அந்த 20 நாளைத் தவறவிட்டால் பழையவர் தயவு வேண்டும். ஆகவே பர்மிட் கைக்கு வந்ததும் முடிவுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த இரண்டு தேதிகளையும் கைபேசியில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதிதாக வருகிறவர்களுக்குத் தமிழிலேயே ஒரு நாள் அறிமுக வகுப்பு நடக்கும். அதில் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் தொலைபேசி எண்ணைத் தருவார்கள். தூங்கிவிடாமல் அதை எழுதிக்கொள்ளட்டும்.

அந்த 60,000-ஐப் பற்றி: கடிதம் வந்துவிட்ட பிறகு இங்குள்ள ஆளால் அதை ரத்து செய்ய முடியாது, முதலாளியால்தான் முடியும். ரசீது தராதவரிடம் 30,000-க்கு மேல் பேசவே வேண்டாம். அதையும் வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்புவேன் என்று சொல்லிப் பாருங்கள். கணக்கு எண்ணைத் தந்தால் ஆள் பிழைத்தார், தராவிட்டால் விட்டுவிடுங்கள்.

புறப்படும் முன் ஐ.பி.ஏ. கடிதத்தின் இரண்டு பக்கங்களையும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று தம்பியின் பையில், ஒன்று உங்களிடம், ஒன்று அம்மாவின் ரேஷன் கார்டு வைக்கும் உறையில். அங்கே போனதும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினமும் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் எழுதட்டும். டைம் கார்டைப் படம் எடுத்து வைப்பதும் நல்லதுதான், ஆனால் என் கைபேசி இரண்டு முறை கான்கிரீட்டில் விழுந்திருக்கிறது. நோட்டு ஒருமுறையும் விழவில்லை. 2014-இல் ஒரு நிறுவனத்தில் எனக்கு இரண்டு மாத ஓ.டி. பாக்கி நின்றபோது, அமைச்சு அதிகாரி மேசையில் முதலாளி வைத்தது அச்சடித்த பட்டியல், நான் வைத்தது சிமெண்டுக் கறை படிந்த நோட்டு. அவர் என் நோட்டைத்தான் முதலில் புரட்டினார்.